போத்தல் கொண்டு வந்தாத்தான் மருந்து

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் எங்கள் அம்மாயிமார்கிட்ட முதலில் கேட்பது நோயை இல்லை. "போத்தல் கொண்டாந்தியா?" என்றுதான் கேட்பாங்க. காய்ச்சலோ இருமலோ, வீட்டிலிருந்து கழுவின போத்தல் ஒன்று கொண்டு போகணும். அதில் மருந்துத் தண்ணியை ஊற்றி, எத்தனை வேளைக்கு என்று கடதாசியை வெட்டி ஒட்டிக் கொடுப்பாங்க. இன்னொரு போத்தல் கடைக்குப் போகும்: கால் போத்தல் தேங்காயெண்ணெய், அரைப் போத்தல் மண்ணெண்ணெய். இலங்கையில் போத்தல் என்பது ஓர் அளவும்கூட, 750 மில்லிலீற்றர்.

கண்ணாடிப் போத்தலைச் சூழலைக் கெடுக்காமல் எப்படிச் செய்வது என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் உலை வருகிறது, லயம் வருவதில்லை. அதனால்தான் மலையில் போத்தலின் கதையை ஒருமுறை திரும்பிப் பார்க்க நினைத்தோம்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே போத்தல் என்பது தூரத்துப் பொருள். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1849இல் தொடங்கிய சிறு பியர் வடிசாலையில்தான் லயன் பியர் தன் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்கிறது. ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முன் கப்பலில் வந்த கண்ணாடி மாட்டு வண்டியில்தான் மலை ஏறணும். அவ்வளவு தூரம் வந்ததை யார் தூக்கி எறிவார்கள்? சிலோன் கிளாஸ் கம்பனி 1955இல்தான் உருவானது. முதலில் இரத்மலானை, பிறகு ஹொரண. இன்று அதன் பெயர் பி.ஜி.பி. கிளாஸ் சிலோன். மணல் நாத்தாண்டிய பக்கத்திலிருந்து கிடைக்கிறது, சோடாச் சாம்பல் இன்னும் கப்பலில்தான் வருகிறது.

ஆனால் பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். கரண்ட் இல்லாத லயத்தில் அதே போத்தல்தான் குப்பி லாம்பு. மூடியில் ஓட்டை போட்டு, திரியைச் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றினால் விளக்கு. கை தட்டினால் சாயும், உருளும், உடையும். தரையில் படுத்திருக்கும் பிள்ளைகள் மேல் தீ பாயும். இந்த லாம்பால் எரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992இல் 'சுதீப' என்ற விளக்கை உருவாக்கினார். குள்ளம், கனமான கண்ணாடி, திருகு மூடி. பக்கங்கள் இரண்டு தட்டை, அதனால் சாய்ந்தாலும் உருளாது. மார்மைட் போத்தலின் வடிவம்தான் அவருக்கு யோசனை கொடுத்தது. 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது.

இந்த விளக்கு எங்களுக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. திரும்பப் பாவிப்பது மட்டும் போதாது. எதற்குத் திரும்பப் பாவிக்கப் போகிறோம் என்று தெரிந்து கண்ணாடியை வார்க்கணும். ஏழை வீட்டு மறுபாவனை பல நேரம் வேறு வழியில்லாத மறுபாவனை. அதன் ஆபத்தையும் அந்த வீடுதான் சுமந்தது.

இனி உலைக்கு வருவோம். மணல், சோடாச் சாம்பல், சுண்ணாம்புக்கல் மூன்றும் ஏறக்குறைய 1500 பாகை செல்சியஸில் உருகணும். எரிபொருள் புகை ஒரு பக்கம். சோடாச் சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் சூடாகும்போது தாமாகவே கரியமில வாயுவை விடும் என்பது இன்னொரு பக்கம். உலையைக் கரண்டுக்கு மாற்றினாலும் இந்த இரண்டாவது நிற்காது. உடைந்த கண்ணாடி அந்த வாயுவை ஏற்கெனவே விட்டுவிட்டது, சீக்கிரமும் உருகும். அதை 10 சதவீதம் கூட்டினால் சக்திச் செலவு சுமார் 3 சதவீதம் குறையும் என்பது தொழில்துறைக் கணக்கு. ஆனால் நிறம் பிரிக்கணும், கல்லும் பீங்கானும் கலக்கக்கூடாது.

போத்தலை மெல்லிசாக்கினால் கண்ணாடி மிச்சம் என்பதும் உண்மை. ஆனால் பல தடவை கழுவி நிரப்ப வேண்டிய போத்தல் மெல்லிசாக இருக்க முடியாது. ஆக எல்லாம் ஒரு கேள்விக்குத்தான் வந்து நிற்கிறது: போத்தல் திரும்பி வருமா?

எங்கள் மலையில் இன்று வருவதில்லை. வளைவில் வானை நிறுத்திக் குடித்துவிட்டு எறிந்த போத்தல், மழையில் உருண்டு தேயிலைக்குள் போய் உடைகிறது. படங்கு கட்டிக் கொழுந்து பறிக்கிறவங்க காலுக்கும் கைக்கும் அதுதான் முதல் எதிரி. "பழைய போத்தல், பழைய இரும்பு" என்று கூவி வந்தவர் இப்போது இரும்பையும் கார்ட்போட்டையும் எடுக்கிறார். கண்ணாடி என்றால் கை விரிக்கிறார். பாரம் கூட, காசு குறைவு, தொழிற்சாலையோ கீழ்நாட்டில்.

எங்களைப் போன்ற இன்னொரு மலையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து அனுப்பப்பட்ட எங்கள் சொந்தங்கள் பலர் தேயிலைத் தொழிலாளராக வாழும் நீலகிரி அது. உடைந்த போத்தல் காட்டு விலங்குகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதத்திலிருந்து அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு போத்தலுக்கும் 10 ரூபா கூடுதலாக வாங்கி, வெறும் போத்தலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். பெரும்பாலான போத்தல்கள் கடைக்குத் திரும்பின. திட்டம் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

அங்கே யானையின் காலுக்காகச் செய்ததை இங்கே கொழுந்து பறிக்கிறவங்க காலுக்காகவும் செய்யலாம்தானே? மலைக்கு ஏறும் போத்தலின் விலையிலேயே அது இறங்கி வரும் கூலியும் சேரணும். அம்மாயிமார் அந்தக் கூலியை வாங்காமலே ஒரு நூற்றாண்டு போத்தல் கழுவினாங்க. அந்தக் கணக்கை இனியும் லயத்துத் தலையில் கட்டக்கூடாது.