பெங்களூரும் குழாய்த் தொழிலும்

குழாயைத் திருகினால் நீர் வருவது நகரவாசிகளாகிய நமக்கு இயல்பான நிகழ்ச்சியாகத் தோன்றுகிறது. அந்நீர் சுவருக்குள் எவ்வழியே வருகிறது, அவ்வழியை அமைத்தவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நீர் வராத நாளில்தான் பிளம்பர் நம் நினைவுக்கு வருகிறார். எவரும் எளிதிற் பொருத்தத்தக்க இணைப்புகள் பெருகிவிட்டமையால் அவருடைய தொழிலுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பெங்களூரின் வரலாற்றைக் கொண்டு ஆராயலாம்.

பெங்களூர் பேராற்றங்கரையில் எழுந்த நகரமன்று. தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர் முதலிய ஏரிகளும் எண்ணற்ற கிணறுகளுமே நெடுங்காலம் அதன் தாகத்தைத் தணித்தன. நீர் சுமப்போர் இருந்தனரேயன்றிக் குழாய் அமைப்போருக்கு அப்போது வேலை இல்லை. அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து 1896-இல் குழாய் வழியே நீர் வரத் தொடங்கியது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் உருவாயிற்று. 1964-இல் குடிநீர், கழிவுநீர் வாரியம் அமைந்தது. 1974-இல் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நகரை அடைந்தது. நீரின் வழி நீண்டதற்கேற்பக் குழாய்த் தொழிலும் வளர்ந்தது.

பிளம்பர் என்னும் சொல்லே ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வார்ப்பிரும்புக் குழாய்களின் மூட்டுவாயில் சணலை அடைத்து, உருக்கிய ஈயத்தை வார்த்து, உளிகொண்டு அடித்து இறுக்குவது பழைய முறை. வீடுகளுக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் வந்தன. குழாயை வைஸில் பிடித்து, டையைச் சுற்றி மரை வெட்டி, சணல் நாரைச் சுற்றி, பசை தடவி, ரென்ச்சினால் முறுக்க வேண்டும். குறைவாக முறுக்கினால் கசியும். மிகையாக முறுக்கினால் எல்போ பிளந்துவிடும். அந்த அளவைக் கை அறிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மூத்தவரின் அருகே நின்று கருவியை எடுத்துக் கொடுத்தே இளைஞர் அதனைக் கற்றார்.

பின்னர்ப் பிளாஸ்டிக் குழாய்கள் பரவின. வெந்நீரையும் தாங்கும் சி.பி.வி.சி. குழாய்கள் 1990-களின் இறுதியில் நம் நாட்டிற்கு வந்தன. குழாயை அறுத்து, பசை பூசி, இணைப்பினுள் செருகிச் சிறிது நேரம் பிடித்திருந்தால் மூட்டு முடிந்துவிடுகிறது. துருவும் இல்லை, பாரமும் இல்லை. ஒரு நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. வீட்டுக்காரரே சிறு பழுதுகளைச் சரி செய்துகொள்கிறார். இது பொதுமக்களுக்கு நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால், மரை வெட்டும் திறமை தொழிலுக்கு வேலியாகவும் இருந்தது. வேலி போனபின், இரம்பமும் பசை டப்பாவும் உடையவர் அனைவரும் தம்மைப் பிளம்பர் என்று சொல்லிக்கொள்ள இயலும். பல ஆண்டு பழகிய கைக்கும் நேற்று வந்த கைக்கும் வேறுபாடு காணாத வீட்டுக்காரர், கூலியிலும் வேறுபாடு காட்ட விரும்புவதில்லை. மூத்த கைவினைஞரின் வருத்தம் இதுவே; அது நியாயமானதும்கூட.

வேறுபாடு உண்மையில் மறைந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. பிழையான இரும்பு மூட்டு பெரும்பாலும் அன்றைக்கே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அரைகுறையாகப் பசை பூசிய மூட்டோ சோதனையில் தேறிவிட்டுப் பின்னொரு நாள் சுவருக்குள் விட்டுவிடக்கூடும். அன்றியும், கழிவுக் குழாய்க்கு எவ்வளவு சரிவு வேண்டும், துர்நாற்றத்தைத் தடுக்கும் நீர்த்தடுப்பு எங்கே அமைய வேண்டும், ஒரே வீட்டிலுள்ள காவிரி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் கலவாதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றை எந்த இணைப்பும் சொல்லித்தராது. முன்பு கையில் இருந்த திறமை இன்று கருத்தில் இருக்க வேண்டியதாயிற்று.

அண்மை வரலாறும் இதனையே காட்டுகிறது. 2009-இல் பெங்களூரில் மழைநீர் சேகரிப்புச் சட்டப்படி கட்டாயமாயிற்று. கூரையின் பரப்பைக் கணக்கிட்டு, முதல் மழையின் அழுக்கைப் பிரித்து, எஞ்சிய நீரைத் தொட்டிக்கோ நிலத்துக்கோ செலுத்தும் வேலை புதிதாகப் பிறந்தது. மாறாக, 2024-ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது வணிக நிறுவனங்கள் முதலியவற்றில் பொருத்துமாறு வாரியம் ஆணையிட்ட நீர்ச்சிக்கன முனைகளோ, எவரும் விரலால் திருகி மாட்டத்தக்கவை. எளிய பொருள் ஒரு வேலையைப் பறிக்கும்போதே, நீரின் அருமை வேறொரு வேலையை உண்டாக்குகிறது.

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டம் பிளம்பர்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பட்டாமுண்டையில் இத்தொழிலுக்கெனவே ஒரு பயிற்சி நிலையம் இயங்குகிறது. மூத்தவரின் அருகே நின்று கற்கும் காலம் சுருங்கிவிட்ட இந்நாளில் இத்தகைய நிலையங்களே அக்குறையை நிரப்பவேண்டும். நாமும் பிளம்பரை அழைக்கும்போது, எத்தனை மூட்டுப் போட்டார் என்று எண்ணிக் கூலி பேசாமல், நீரின் போக்கை அறிந்து வழி வகுத்த அறிவுக்கும் சேர்த்துக் கொடுப்பதே முறை. சுவரைப் பூசி மூடிய பின்னர் நம் வீட்டைக் காப்பது அந்த அறிவே அன்றோ?