ஆராய்ச்சியும் பொதுப் பணமும்

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் மல்லேசுவரத்தை அடுத்து, மரங்கள் அடர்ந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தைப் பன்முறை கண்டிருப்பர். அதன் கற்சுவர்கள் எழுந்த கதை, ஆராய்ச்சிக்குரிய பணம் எங்கிருந்து வருகிறது, அதை எவர் பங்கிடுகிறார் என்னும் கேள்வியின் கதையும் ஆகும்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா 1898-இல் தம் சொத்தின் பெரும் பகுதியை இத்தகைய கழகத்துக்கு அளிக்க முன்வந்தார். அது நிறைவேறக் காணாமலே 1904-இல் மறைந்தார். மைசூர் சமஸ்தானம் 1907-இல் சுமார் 370 ஏக்கர் நிலம் வழங்கி, ஆண்டுதோறும் பொருளுதவியும் செய்ய இசைந்தது. இந்திய அரசாங்கமும் கைகொடுக்கவே, 1909-இல் கழகம் சட்டப்படி அமைந்தது. வணிகர், மன்னர், அரசாங்கம் ஆகிய மூவரும் சேர்ந்து சுமந்த பல்லக்கு அது.

நாடு முழுமைக்கும் தொழில் ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடும் அமைப்போ, இரண்டாம் உலகப் போர் மூண்ட பின்னர் தோன்றிற்று. 1940 ஏப்ரலில் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி வாரியம் நிறுவப்பட்டது. வைசிராயின் நிர்வாக சபையில் வர்த்தக உறுப்பினராயிருந்த ஆர்க்காடு இராமசாமி முதலியார் அதன் தலைவர். சாந்தி சுவரூப் பட்நாகர் இயக்குநர். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தொழில் ஆராய்ச்சி நிதி ஒன்றை 1941 நவம்பரில் மத்திய சட்டசபை ஏற்றது. அதனைக் கையாள 1942 செப்டம்பரில் தன்னாட்சியுள்ள மன்றம் உருவாயிற்று. 1960-இல் பெங்களூருக்கு வந்த தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் அம்மன்றத்தின் குழந்தையே.

இம்முறையை எல்லோரும் வரவேற்றனர் என்று கொள்ளலாகாது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1933-இல் விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரான சர் சி. வி. இராமன், அரசாங்கப் பணத்தோடு அரசாங்கத்தின் பிடியும் வருமென்று ஐயுற்றார். 1948-இல் பெங்களூரில் தாம் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தை அரசாங்க மானியத்தை நாடாமலே நடத்தினார். ஆனால் 1970-இல் அவர் மறைந்தபின், 1972 முதல் அந்நிலையமும் மத்திய அரசின் உதவியிலேயே இயங்கலாயிற்று. தனிமனிதரின் மன உறுதி அவர் காலத்தோடு முடிகிறது. நிலையமோ அவருக்குப் பின்னும் வாழவேண்டும்.

இன்று விஞ்ஞானி தம் திட்டத்தை எழுதி அனுப்புகிறார். அதே துறையில் வல்ல பிறர் அதனை எடைபோடுகின்றனர். நிபுணர் குழு தெரிந்தெடுத்தபின், பணம் தவணைகளாக வருகிறது. செலவுக்குக் கணக்கும் காட்டவேண்டும். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த வாரியம் ஆற்றிவந்த இப்பணியை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஏற்றது. ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்பது அதன் திட்டம். இதில் சுமார் 36,000 கோடி, தொழில் துறை முதலிய வெளி வாயில்களிலிருந்து திரட்டப்பட வேண்டியது. பழைய பல்லக்கு மீண்டும் பல தோள்களைத் தேடுகிறது எனலாம். பெயர்பெற்ற கழகங்களோடு, பொருள் குன்றிய மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் பங்கு கிடைக்குமா என்பதே அதற்குரிய சோதனை.

அரசாங்கத் தாள்களைத் தமிழாக்கும் தொழிலுடைய நான், இப்பணத்தை 'மானியம்' என்றே எழுதி வருகிறேன். ஊர் வழக்கில் மானியமாவது, ஒரு பணிக்கென வரி நீக்கி விடப்பட்ட நிலம். அதற்குக் கடமை உண்டு. விதைத்தவன் அறுவடைவரை காத்திருக்க இடமும் உண்டு. கணக்குக் கேட்பது அரசின் உரிமை. காத்திருப்பதும் அதன் கடமையே.