முந்நீரும் ஜின்னும்: குடும்பக் குழுச் சண்டைக்கு என் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் என் தங்கை மகள் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டாள். அவளே வீட்டில் கலந்த பானம். 45 மி.லி. ஜின், மசித்த நுங்கு இரண்டு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, பன்னீர் ரோஜாப் பாகு, மேலே டானிக் வாட்டர். ஓர் இதழ் மிதந்தது. அவ்வளவுதான், குழு கொதித்துவிட்டது. “வெள்ளைக்காரன் பழக்கம்” என்றார் ஒருவர். “பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் நம் பண்பாடா?” என்றார் இன்னொருவர். அவளுக்கு 34 வயது, சொந்தச் சம்பளம். பாவம், படத்தை அழித்துவிட்டாள்.

நான் குடிப்பதில்லை. குடியால் அழிந்த வீடுகளை என் மாணவர்களிடையே பார்த்திருக்கிறேன். யாரையும் குடிக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் பண்பாடு, வரலாறு என்று பேச்சு வந்துவிட்டால் வாத்தியாரால் சும்மா இருக்க முடியாது.

புறநானூற்றின் 24-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். மாங்குடி கிழார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியது. கடற்கரையில் பரதவர் கள்ளைக் குடித்துக் குரவை ஆடுகிறார்கள். அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். பனை நுங்கின் நீர், கரும்புச் சாறு, இளநீர் மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்கிறார்கள். மூன்று நீர் கலந்ததால் அது முந்நீர். கடலுக்கும் முந்நீர் என்றே பெயர். முந்நீர் உண்டு முந்நீரில் பாய்வது! பாய்கிறவர்கள் யார்? முண்டகப் பூமாலை அணிந்த, வளையல் போட்ட பெண்கள். அந்தக் கலவையில் கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பழச்சாறுகளைக் கலந்து, பூவும் சூடி, கொண்டாட்டமாகக் குடிப்பது நமக்குப் புதிதல்ல. கள்ளுக்கும் சாட்சி வேண்டுமென்றால் 235-ஆம் பாட்டில் ஔவையார் இருக்கிறார். கொஞ்சம் கிடைத்தால் அதியமான் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட அவன் மகிழ்ந்து உண்பான் என்று அவன் இறந்தபின் அழுகிறார். அந்த ஔவையை எந்தச் சித்தப்பா கண்டிப்பார்?

அடுத்தது ‘வெள்ளைக்காரன் பழக்கம்’. மது, சர்க்கரை, எலுமிச்சை, நீர், மசாலா ஆகிய ஐந்தும் சேர்ந்த பானத்தை ஆங்கிலேயர் ‘பஞ்ச்’ என்றார்கள். ஐந்து என்று பொருள்படும் நம் ‘பஞ்ச’விலிருந்து வந்த சொல் அது என்பதே பெரும்பாலோர் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தின் அதே பஞ்ச. இந்தச் சொல் ஆங்கிலத்தில் மிகப் பழமையாகக் காணப்படுவது 1632-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவர், இன்று ஆந்திரத்தில் உள்ள நிஜாம்பட்டினத்தில் இருந்த சக வணிகருக்கு எழுதியது. நம் மதராஸ் பிறப்பதற்கு 7 ஆண்டு முன்பு! அந்தக் கலவையை அவர்கள் இங்கே வந்து பழகி, லண்டனுக்குக் கொண்டு போனார்கள்.

ஜின் மட்டும் அசல் ஐரோப்பியச் சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஹாலந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. ஆனால் டானிக்கின் கசப்பு கொய்னாவிலிருந்து வருகிறது. கொய்னா எடுப்பது சின்கோனா மரப்பட்டையிலிருந்து. தென்னமெரிக்க மரமான அதை 1860 வாக்கில் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. மலாய்க் கரையோரப் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து கப்பலேற்றி மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். சிலர் விடுதலையான பிறகு தமிழ்ப் பெண்களை மணந்து மலையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. துரைமார் கோப்பையில் இருந்த கசப்புக்குப் பின்னால் இவர்களும் இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பின்னே ‘நம் பண்பாட்டில் இல்லை’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு மதுவிலக்குக் காலத்திலிருந்து என்பது என் கருத்து. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. எங்கள் நந்தனமும் 1952-ல் தொடங்கிய நந்தன வருஷத்தின் பெயரைத் தாங்கியது. அப்போது முதல்வராக இருந்த ராஜாஜியே பெயர் சூட்டினார் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். 1971 வரை இரண்டு தலைமுறை குடியை மறைவாகவும் குற்றமாகவும் மட்டுமே பார்த்து வளர்ந்தது. நானும் அதில் ஒருவன். ராஜாஜியின் நோக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சம்பள நாளில் அடி வாங்காமல் தப்பித்த பெண்கள் அப்போது இருந்தார்கள்.

இதற்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. 2003 முதல் அரசே கடை வைத்து ஜின் விற்கிறது. பரதவர் குடித்த கள்ளுக்கோ 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. பனையேறி இறக்கினால் வழக்கு. பாட்டிலில் வந்தால் ரசீது. பண்பாட்டுக்காகச் சண்டை போடுகிறவர்கள் பனையேறிக்காகவும் ஒரு வார்த்தை பேசலாமே.

தங்கை மகளே, படத்தை மறுபடி போடு. ஜின் இல்லாமல் ஒன்று எனக்கும் கலந்து வை. இளநீர் நான் வாங்கி வருகிறேன். நீலகிரிப் பக்கம் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் யாராவது நடுவட்டம் போனால் அந்தச் சிறையைப் படமெடுத்து அனுப்புங்கள்.