தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை
திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட சீர்திருத்தத் திருச்சபை. நாராயணவனம், புத்தூர் வட்டாரம் இதன் பணிக்களத்தைச் சேர்ந்தது. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1865-இல் ஆகஸ்ட் மிலியஸ் தலைமையில் சூலூர்பேட்டையில் இதைத் தொடங்கியது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானிய மிஷனரிகள் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆயினர். காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டனர். பணமும் ஆளும் வரும் வழி அடைபட்டது. சபை வரலாற்றில் இது கடினமான காலம். ஊர்ச் சபைகளை அணையாமல் காத்த உள்ளூர் உபதேசியார்களின் உழைப்பு, மிஷனரிகளின் பெயர்களுக்கு இணையாக நினைக்கப்பட வேண்டியது. போருக்குப் பின் அமெரிக்காவின் லுத்தரன் சபை அமைப்பான ஒஹாயோ சினாட் பொறுப்பேற்றது. பிற்பாடு சபை இந்தியத் தலைமையில் தன்னாட்சி பெற்றது. இன்று இது இந்திய லுத்தரன் சபைகளின் ஐக்கிய அமைப்பில் உறுப்பினராக உள்ளது.