உழவு நிலத்திலிருந்து அரங்கிற்கு: ஆர்மீனிய நாட்டாரிசையும் இசைக்குழுக்களும்

நாட்டார் பாடல் தனித்து வாழ்வதன்று. ஏரும் களமும் மணவீடும் தொட்டிலுமே அதன் இருப்பிடங்கள். அவ்விருப்பிடங்கள் முற்றாக அழிக்கப்படுமிடத்துப் பாடலின் கதி யாது? இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டின் ஆர்மீனிய வரலாறு மிகக் கூர்மையாக எழுப்புகின்றது.

கொமித்தாஸ் எனத் துறவுப் பெயர் பூண்ட சொகொமோன் சொகொமோனியான் 1869 இல் ஒட்டோமன் பேரரசின் கியூத்தாயா நகரிற் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர் 1881 இல் எச்மியாசின் திருச்சபைக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது பேசத் தெரிந்தது துருக்கி மொழி மட்டுமே. ஆர்மீனிய மொழியை அங்கேதான் கற்றார். 1896 முதல் 1899 வரை பேர்ளினில் இசை பயின்று மீண்டவர், கிராமம் கிராமமாகச் சென்று ஆயிரக்கணக்கான பாடல்களைக் குறிப்பெடுத்தார். விரைந்தெழுதுதற்கேற்ற ஆர்மீனிய இசைக்குறியீடு இப்பணியில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அவருடைய ஆய்வுகளுள் லோரிப் பிரதேசத்து வர்தப்லுர் கிராமத்தின் உழவுப் பாட்டைப் பற்றியது தனிச் சிறப்புடையது. அங்கு உழவென்பது தனியொருவரின் தொழிலன்று. கனத்த கலப்பையைப் பல இணை எருதுகள் இழுக்க, பல குடும்பத்தார் கூடியே உழுவர். எனவே அப்பாட்டும் தனியொருவரின் பாட்டாய் அமையவில்லை. எருதை அதட்டும் ஒலி, அதனைத் தேற்றும் ஒலி, ஏரோட்டிகள் ஒருவரையொருவர் விளிக்குங் குரல், இடையிடையே ஒரு வேண்டுதல் என்பன அதிற் பின்னிக் கிடந்தன. களத்திற் பாடுவதை வீட்டிலிருந்து பாடினால் அதன் உயிர் போய்விடும் என்பதைக் கொமித்தாஸ் தெளிவாக உணர்ந்திருந்தார். அவ்வாறுணர்ந்த அவரே நாட்டார் பாடல்களைப் பலகுரற் பாடற்குழுவிற்கென அமைத்து, 1906 இல் பாரிஸ் நகர அரங்கிலேற்றினார். 1910 இல் கொன்ஸ்தாந்திநோபிளிற் குடியேறி, ஏறத்தாழ 300 பேர் கொண்ட ‘குசான்’ என்னும் குழுவை நிறுவினார். இதனை முரண்பாடெனக் கொள்வார் கொள்க. கிராமம் நிலைத்திருக்கும்வரை அரங்கு அதன் எதிரொலியாக மட்டும் இருந்திருக்கும்.

ஆயின் கிராமம் நிலைக்கவில்லை. 1915 ஏப்பிரில் 24 ஆந் திகதி கொன்ஸ்தாந்திநோபிளிற் கைதுசெய்யப்பட்ட ஆர்மீனிய அறிஞர்களுள் கொமித்தாசும் ஒருவர். நாடு கடத்தப்பட்டு உயிருடன் மீண்டாராயினும் அவருடைய மனம் மீளவில்லை. 1935 இல் பாரிசிற் காலமாகும்வரை அவர் தம் பழைய இசைப்பணிக்கு முழுமையாகத் திரும்பவில்லை. அவர் சேகரித்தவற்றுட் கணிசமான பகுதி தொலைந்தது. அனத்தோலியாவின் ஆர்மீனியக் கிராமங்கள் வெறுமையாயின. இனிப் பாடல் உயிர்வாழ வேண்டுமாயின் அகதியின் நினைவிலோ அரங்கிலோ அன்றி வேறிடமில்லை என்றாயிற்று.

இந்நிலையிலேதான் சோவியத் ஆர்மீனியாவின் அரச இசைக்குழுக்களை நோக்குதல் வேண்டும். அதானாவிற் பிறந்த ததுல் அல்துன்யான் 1938 இல் யெரெவானில் ஆடற்பாடற் குழுவொன்றை அமைத்தார். பெரும் பாடகர் அணியும் நடனக் கலைஞரும் நாட்டுக் கருவிகளும் அதில் ஒருங்கிணைந்தன. மக்கள் கலை என்னும் பெயரால் அரசு விரும்பியது இத்தகைய திரளான, ஒழுங்குபட்ட காட்சியையே. அதற்கு இசை கொடுத்த விலையும் சிறிதன்று. அப்றிக்கொட் மரத்தாற் செய்யப்படும் துதுக் என்னுங் குழலை மரபில் இருவர் வாசிப்பர். ஒருவர் இராகத்தை வாசிக்க, மற்றவர் கன்னத்திற் காற்றைத் தேக்கி ஒரே சுரத்தை இடையறாது நிறுத்துவார். நம்மவரின் நாதஸ்வரத்திற்கு ஒத்து நின்றவாறு இது. இத்தனிச் சுரத்தின்மீதே நுண்சுருதிகள் துலங்கும். பெருங்குழுவிலோ அதனிடத்தை ஐரோப்பிய ஒத்திசைவு பற்றிக்கொள்ள, நுண்சுருதிகள் மங்கின.

எனினும் இக்குழுக்களைப் போலியென ஒதுக்குவது நேர்மையாகாது. பின்னாளில் துதுக்கின் ஒலியை உலகறியச் செய்த ஜிவான் கஸ்பார்யான் 1948 இல் அல்துன்யானின் குழுவிற் சேர்ந்தே தொழின்முறைக் கலைஞரானார். ஊதியமும் பயிற்சியும் மேடையும் ஒருங்கே கிட்டியிராவிடின் அக்கருவியை எத்தனை இளைஞர் கையிலெடுத்திருப்பர் என்பது ஐயத்திற்குரியது.

சோவியத் ஒன்றியம் கலைந்த 1991 ஆம் ஆண்டில், கெவொர்க் தபாக்யான் என்னும் துதுக் கலைஞர் ‘ஷோகாக்கென்’ என்ற சிறு குழுவை யெரெவானில் நிறுவினார். பெருங்குழுவின் பொலிவை விடுத்து, துதுக், சுர்னா, கமஞ்சா, கானோன், தோல் முதலிய மரபுக் கருவிகளோடு அமைந்தது அது. அதன் பாடகி ஹாஸ்மிக் ஹாருத்யுன்யான் தாலாட்டுகளையும் மேடைக்குக் கொணர்ந்தார். தொட்டிலருகே ஒரு குழந்தைக்காக மட்டும் பாடப்பட்டது அந்நியர் முன் பாடப்படுகையில் ஒரு கூச்சம் தோன்றவே செய்யும். ஆயினும் தொட்டில்கள் இருந்த வீடுகளே அழிந்தபின் அக்கூச்சத்திற்கு அஞ்சி மௌனங் காப்பதிற் பயனில்லை.

லெபனானிற் பிறந்த லெவொன் எஸ்கென்யான் 2008 இல் யெரெவானில் அமைத்த ‘குர்ஜீவ்’ குழு இன்னுமொரு திசையிற் சென்றது. கொமித்தாஸ் பியானோவுக்கென அமைத்த நாட்டார் நடனங்களில், எந்நாட்டுக் கருவியின் ஒலியை வாசிப்பவர் தழுவ வேண்டுமெனத் தாமே குறித்துவைத்திருந்தார். எஸ்கென்யான் அக்குறிப்புகளைப் பற்றிக்கொண்டு, அந்நடனங்களைப் பியானோவிலிருந்து பிரித்து, மீண்டும் நாட்டுக் கருவிகளுக்கே அமைத்தார். 2015 இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. வர்தப்லுர் உழவுப் பாட்டிற்கு இவ்வாறான மீட்சி எளிதன்று. அதன் கருவிகள் கலப்பையும் எருதுகளும் அவற்றின் பின்னே நடந்த அயலவருமாவர்.