வீரசேனாசாரியர் மீட்ட நெறி

தமிழ்நாட்டுச் சமணர் வரலாற்றில் செஞ்சிக் கொடுமை ஒரு பெருந்துயரம். கல்வெட்டில் அன்று, குடும்பங்களின் நினைவில் வாழ்ந்துவந்த செய்தி அது. 1906ஆம் ஆண்டு வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும், மயிலை சீனி. வேங்கடசாமியின் 'சமணமும் தமிழும்' நூலிலும் இடம்பெற்றுள்ளது. நிகழ்ந்த காலம் 1478ஐ ஒட்டியது என்பர்.

செஞ்சியை ஆண்ட வேங்கடபதி, உயர்குலங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணை மணக்க விரும்பினான். முதலில் கேட்கப்பட்டோர், சமணர் கொடுத்தால் தாமும் கொடுப்பதாகக் கூறி விலகிக்கொண்டனர். சமணர் ஒருவர் பெண் தர இசைந்தார். மணநாளில் மன்னன் வந்தபோது வீடு வெறுமையாய்க் கிடந்தது. பந்தற்காலில் ஒரு பெண்நாய் கட்டப்பட்டிருந்ததாம். சினங்கொண்ட மன்னன், சமணரைக் கண்ட இடத்தில் வெட்டுமாறு ஆணையிட்டான்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் ஒன்றை மறைத்தல் ஆகாது. சொன்ன சொல்லைக் காவாத வஞ்சம் நம்மவர் ஒருவரிடத்தும் இருந்தது. ஆனால் ஒருவர் செயலுக்காக ஒரு சமயத்தார் அனைவரையும் ஒறுத்தது எவ்வறத்துக்கும் ஒவ்வாத கொடுமை. பலர் மாண்டனர், சிலர் ஊரை விட்டு ஓடினர், உயிருக்கு அஞ்சிய பலர் திருநீறு அணிந்து சைவராயினர். 'நீறுபூசி நயினார்' என்னும் பெயர் அக்காலத்தின் வடுவாக நிலைத்தது.

அந்நாளில் திண்டிவனத்தை அடுத்த வேலூரில், குளக்கரையில் தம் சமய நியமத்தைச் செய்துகொண்டிருந்த இல்லறத்தார் ஒருவரைக் காவலர் பிடித்துச் சென்றனர். அப்போது மன்னனுக்கு மகன் பிறந்திருந்த மகிழ்ச்சியால் அவர் உயிர்தப்பினார். தப்பிய உயிரைப் பழிவாங்கச் செலவிடாது, சிரவணபெளகொளா சென்று சமய நூல்களைக் கற்றுத் துறவு பூண்டார். அவரே வீரசேனாசாரியர்.

தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார், உடையார்பாளையம் குறுநில மன்னரிடம் அடைக்கலம் புகுந்து, அவர் அளித்த நிலத்தில் வாழ்ந்தார். வாழ்வு அமைந்தபின்னும் சிதறிய சுற்றத்தை அவர் மறக்கவில்லை. சிரவணபெளகொளா சென்று வீரசேனாசாரியரைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்தார். ஆசாரியர் ஊர்தோறும் சென்று, அச்சத்தால் நெறி மாறியோர்க்குப் பூணூல் அணிவித்து மீண்டும் சமணராக்கினார்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று ஸ்திதிகரணம். நெறியினின்று நழுவியோரை மீண்டும் நிலைநிறுத்துதல். அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் இவ்வுறுப்புகளை விளக்குகின்றன. ஆசாரியர் செய்தது இதுவே. நீறு பூசியவரைக் கோழையர் என இகழ்ந்திருந்தால் அவர்கள் திரும்பியிரார். அச்சம் வேறு, நம்பிக்கை இழத்தல் வேறு என்று அவர் தெளிந்திருந்தார். அத்தெளிவே பலருக்குத் திரும்பும் வழியாயிற்று.

தென்னார்க்காட்டுச் சமணர் கூடும் விழாக்களில் முதல் தாம்பூலம் காங்கேய உடையார் மரபினர்க்கே அளிக்கப்பட்டது என அவ்விவரச்சுவடி குறிக்கிறது. கொன்றவனை நினைத்து வெறுப்பை வளர்க்காமல், மீட்டவரை நினைத்து நன்றியை வளர்த்தது இச்சமுதாயம். கொடுமை நிகழ்ந்த அதே செஞ்சிப் பகுதியில், மேல்சித்தாமூரில், ஜினகாஞ்சி மடம் இன்றும் நிலைபெற்றுள்ளது. விலகிச் சென்ற உறவினர் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கக்கூடும். அவர்கள் திரும்பி வரும் நாளில் வாயிற்கதவு திறந்திருப்பதே ஆசாரியருக்கு நாம் செய்யும் வழிபாடு.