மடக்கை அட்டவணையை இரகசியக் குறியீடு என்றவர்கள்

1950 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு பேராசிரியரின் பயணப் பொதிகளைப் பறிமுதல் செய்தார்கள். சீனாவுக்குப் போகவிருந்த பொதிகள் அவை. உள்ளே ஏறத்தாழ 800 கிலோ நூல்களும் குறிப்புகளும் இருந்தன. இரகசியக் குறியீடுகள் அகப்பட்டுவிட்டன என்று பரபரப்பாகப் பேசப்பட்டது. பிறகு ஆறுதலாக இருந்து பார்த்தால், அந்தக் குறியீடு வெறும் மடக்கை அட்டவணை. சாதாரண தரக் கணிதத்தில் நாங்கள் புரட்டிய அதே சாமான்தான்.

கேட்கப் பகிடியாக இருக்கும். ஆனால் வெளிநாட்டில் வேலை செய்யும் சீன விஞ்ஞானிகளின் கடந்த எழுபது வருடக் கதையில் இந்தப் பகிடி திரும்பத் திரும்ப வருகிறது. விசாரிக்க வருபவருக்குத் தன் கையில் இருக்கும் தாளை வாசிக்கத் தெரியாது. அதனால் தாளை விட்டுவிட்டு ஆளின் முகத்தை வாசிக்கிறார். இந்தக் கட்டுரையில் நாங்கள் பின்தொடரப் போவது அந்தப் பழக்கத்தைத்தான்.

ஐந்து வருடக் காத்திருப்பு

அந்தப் பேராசிரியரின் பெயர் சியான் சூசென். 1911இல் பிறந்தவர். ஷங்காயில் பொறியியல் படித்து, புலமைப்பரிசிலில் 1935இல் அமெரிக்கா போனார். முதலில் எம்.ஐ.டி, பிறகு கலிபோர்னியாவின் கல்டெக். அங்கே தியடோர் வொன் கார்மனின் மாணவர். ரொக்கெட் என்றாலே படித்தவர்கள் சிரித்த காலத்தில் ரொக்கெட் செய்யப் புறப்பட்ட சிறிய குழுவில் அவரும் ஒருவர். அந்தக் குழுவில் இருந்து வளர்ந்ததுதான் இன்று நாசாவின் கீழ் இயங்கும் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம். 1945இல் அமெரிக்க இராணுவம் அவருக்குத் தற்காலிகக் கேணல் பதவி கொடுத்து ஜேர்மனிக்கு அனுப்பியது. நாஸி ரொக்கெட்டுகளை உருவாக்கிய வேர்னர் வொன் பிரவுணை விசாரித்தவர்களில் அவரும் இருந்தார்.

இந்த இடத்தில் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1882இன் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடை செய்தது. சீனர்கள் குடியுரிமை பெறவும் முடியாது. 1943இல், சீனா போரில் நேச நாடாக இருந்த நேரம்தான் அது நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் வருடத்துக்கு 105 பேர் என்ற ஒதுக்கீடுதான். 1949இல் சியான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கதவு திறந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

அதே 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். 1950 ஜூனில் எஃப்.பி.ஐ அவரிடம் வந்தது. 1930களில் அவர் போய்வந்த நண்பர் வட்டம் ஒன்று கம்யூனிஸ்ட் கட்சிக் கிளை என்றும், அவரும் அங்கத்தவர் என்றும் சொன்னது. அவர் மறுத்தார். அவருடைய மனைவி ஜியாங் யிங்கின் தந்தை, கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்ட சியாங் கை ஷேக்கின் இராணுவ ஆலோசகராக இருந்தவர். அதையெல்லாம் ஆர் கேட்டது? பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. அது இல்லாமல் அவருடைய ஆராய்ச்சியைத் தொடர ஏலாது. ஊருக்குப் போகிறேன் என்றார். அப்போதுதான் பொதிகள் பிடிபட்டன. சில நாட்களில் அவரையும் பிடித்து டேர்மினல் தீவில் இரண்டு கிழமையளவு அடைத்து வைத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். குடிவரவுத் துறை அவரை நாடு கடத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்புத் தரப்போ, இவருக்குத் தெரிந்தது அதிகம், போகவிட ஏலாது என்றது. அதனால் வெளியேற்றப்பட வேண்டியவரும் அவரே, வெளியேற முடியாதவரும் அவரே. அவருக்குத் தெரிந்தது பழசாகும் வரைக்கும் ஐந்து வருடம் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். 1955இல் ஜெனீவாவில் சீனாவும் அமெரிக்காவும் பேசியபோது, கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினர் விடுவிக்கப்பட்டார்கள். சியானுக்கும் வழி திறந்தது. அந்த செப்டம்பரில் குடும்பத்தோடு கப்பல் ஏறினார். உளவு பார்த்ததாக அவர்மேல் ஒரு வழக்குக்கூடப் பதியப்படவில்லை.

சீனாவின் ஏவுகணைத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் பிறகு அவர்தான். 1970இல் சீனாவின் முதல் செய்மதி வானுக்குப் போனது. எதற்குப் பயந்து அமெரிக்கா அவரை மறித்ததோ, அதைத் தன் கையாலேயே நடத்தி வைத்தது.

கடலுக்கு அந்தப் பக்கமும்

இதை அமெரிக்காவின் முட்டாள்தனம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் சீனாவும் வெளிநாட்டில் படித்து வந்தவர்களை அதே கண்ணால்தான் பார்த்தது. பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்து ஏவுகணைகளுக்கான உலோகங்களில் வேலை செய்த யாவோ டொங்பின், 1968 ஜூனில் அடித்துக் கொல்லப்பட்டார். பேர்ளினில் படித்த, செய்மதித் திட்டத்தின் முன்னோடி சாவோ ஜியுசாங் அதே வருடம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு கரையில் சீனன் என்ற சந்தேகம், மறுகரையில் வெளிநாட்டுக்காரன் என்ற சந்தேகம். நடுவில் நின்றவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

ஐம்பத்தொன்பது குற்றச்சாட்டுகள்

பனிப்போர் முடிந்த பிறகு வந்தது வென் ஹோ லீயின் வழக்கு. தாய்வானில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். லொஸ் அலமோஸ் அணுவாயுத ஆய்வுகூடத்தில் வேலை. டபிள்யூ-88 அணுகுண்டின் வடிவமைப்பு சீனாவுக்குப் போய்விட்டது என்ற சந்தேகம் அவர்மேல் விழுந்தது. 1999 மார்ச்சில் வேலை போனது. டிசம்பரில் 59 குற்றச்சாட்டுகள். 278 நாள் சிறை, பெரும்பாலும் தனிமையில், வெளியே எடுத்தால் விலங்கோடு. அந்த ஆய்வுகூடத்தில் எதிர் உளவுப் பொறுப்பில் இருந்தவரே, லீயை இலக்காக்கியதில் அவருடைய இனத்துக்குப் பங்கு இருந்தது என்று பின்னர் சொன்னார். லீயைப் பற்றித் தான் முன்பு கொடுத்த சாட்சியம் பிழை என்று எஃப்.பி.ஐ அதிகாரி ஒருவர் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார்.

லீ தன் கணினியில் இருந்த கோப்புகளை விதிக்கு மாறாகப் பிரதி எடுத்தது உண்மை. 2000 செப்டம்பரில் அந்த ஒரு குற்றத்தை ஏற்றுக்கொண்டார். மிச்சம் 58உம் கைவிடப்பட்டன. நீதிபதி ஜேம்ஸ் பார்க்கர் அவரைச் சிறையில் வைத்திருந்த விதத்துக்காகத் திறந்த நீதிமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். 2006இல் அரசும் ஐந்து ஊடக நிறுவனங்களும் சேர்ந்து 16 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து அவருடைய வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

திரும்பவும் வாசிக்கத் தெரியாத தாள்

2015 மே மாதம். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைத் தலைவர் சி சியாவோசிங்கின் வீட்டுக்குள் விடியற்காலையில் துப்பாக்கியோடு எஃப்.பி.ஐ நுழைந்தது. 'பொக்கெட் ஹீட்டர்' என்ற தடைசெய்யப்பட்ட கருவியின் வரைபடத்தைச் சீனாவுக்கு அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. துறை தெரிந்த விஞ்ஞானிகள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது அந்தக் கருவியே இல்லை என்றார்கள். செப்டம்பரில் வழக்கு கைவிடப்பட்டது. 1950இன் மடக்கை அட்டவணை நினைவுக்கு வருகிறதா?

2018 நவம்பரில் அமெரிக்க நீதித்திணைக்களம் 'சைனா இனிஷியேட்டிவ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொழில் இரகசியத் திருட்டைப் பிடிப்பதாகச் சொல்லி வந்தது. அப்படித் திருட்டு நடப்பதே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சீன உளவுத்துறை அதிகாரி சூ யான்ஜுன் விமான இயந்திரத் தொழில்நுட்பத்தைத் திருட முயன்றது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டு, 20 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தபோது பல வழக்குகள் உளவு பற்றியவையாகவே இருக்கவில்லை. ஆராய்ச்சி நிதிப் படிவத்தில் ஒரு சீனத் தொடர்பை நிரப்பவில்லை என்பதே குற்றமானது. எம்.ஐ.டி டெக்னோலொஜி ரிவியூ சஞ்சிகை 2021இல் எண்ணிப் பார்த்தது: குற்றம் சாட்டப்பட்ட 148 பேரில் 130 பேர் சீன வம்சாவளியினர்.

டென்னசி பல்கலைக்கழகத்தின் ஹு ஆன்மிங்கை எஃப்.பி.ஐ ஏறத்தாழ இரண்டு வருடம் பின்தொடர்ந்தது. மகனையும் விடவில்லை. உளவுக்குச் சான்று ஒன்றும் அகப்படாமல், நாசா நிதி தொடர்பான மோசடி என்று 2020இல் கைது செய்தார்கள். விசாரணையில், அவரைப் பற்றிப் பிழையான தகவலைப் பயன்படுத்தியதை அதிகாரியே ஒத்துக்கொண்டார். ஜூரிகள் உடன்பாட்டுக்கு வரவில்லை. 2021 செப்டம்பரில் நீதிபதி அவரை விடுவித்தார். எம்.ஐ.டியின் சென் காங் 2021 ஜனவரியில் கைதானார், ஒரு வருடம் கழித்து வழக்கு கைவிடப்பட்டது. கன்சாஸில் தாவோ ஃபெங்கின் கடைசிக் குற்றத் தீர்ப்பு 2024 ஜூலையில்தான் மேன்முறையீட்டில் விழுந்தது. 2019இல் கைதானவர் அவர். ஐந்து வருடம்!

சென் காங்குக்காக 170க்கு மேற்பட்ட சக பேராசிரியர்கள் பகிரங்கமாகக் கையெழுத்து வைத்தார்கள். இதை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சியானின் காலத்தில் நண்பர்கள் துணை நின்றார்கள், ஆனால் அது தனிப்பட்ட விசுவாசமாக இருந்தது. இந்த முறை, அவர் செய்தது தாங்கள் எல்லாரும் செய்யும் சாதாரண வேலைதான் என்று ஒரு பல்கலைக்கழகமே எழுந்து சொன்னது. அந்த வரைபடத்தையும் படிவத்தையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாய் திறந்த இடங்களில்தான் வழக்குகள் ஆட்டம் கண்டன.

மிஞ்சியது

2022 பெப்ரவரியில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. பாரபட்சம் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிட்டது என்று நீதித்திணைக்களம் ஒப்புக்கொண்டது, ஆனால் பாரபட்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. பயம் போகவில்லை. சீன வம்சாவளி ஆராய்ச்சியாளர்கள் 1304 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பு 2023இல் வெளிவந்தது. 72 வீதமானவர்கள் ஆராய்ச்சியாளராகத் தாங்கள் அங்கே பாதுகாப்பாக உணரவில்லை என்றார்கள். 61 வீதமானவர்கள் அமெரிக்காவை விட்டுப் போவது பற்றி யோசித்திருந்தார்கள்.

விடுதலையானவர்களும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வேலை, சேமிப்பு, மாணவர்கள், ஆய்வுகூடம், பிள்ளைகளின் நித்திரை எல்லாம் விசாரணைக் காலத்திலேயே போய்விடும். தீர்ப்பு பிறகுதான் வரும். பெயரையும் பிறந்த ஊரையும் வைத்துச் சந்தேகத்தைத் தொடங்கும் எந்தச் சட்டமும் இப்படித்தான் வேலை செய்யும்: தண்டனை முதலில், விசாரணை பிறகு. செய்த செயலை வைத்துத் தொடங்கினால் சூ யான்ஜுனைப் பிடிக்கலாம். இனத்தை வைத்துத் தொடங்கினால் சி சியாவோசிங்கின் கதவைத்தான் உடைக்க வேண்டிவரும்.

2024 செப்டம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதே மாதிரித் திட்டத்தை வேறு பெயரில் மீண்டும் கொண்டுவர ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. அந்த முறை அது சட்டமாகவில்லை. ஆனால் சபையில் அதற்குப் பெரும்பான்மை கிடைத்தது, சியானின் பொதிகள் பறிமுதலாகி எழுபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு.